எதை மாற்றினாய், கூடவே எது மாறியது? – மண்பானையை வைத்து மாறிகளைப் பழகுதல்

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வரும் ஆய்வுகளை நடுவர் மேசையில் உட்கார்ந்து பார்க்கும்போது நான் முடிவுரைப் பக்கத்தை முதலில் திறப்பதில்லை. "இதில் நீ எதை மாற்றினாய்?" என்று கேட்பேன். அதற்குப் பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். "மண்புழு உரம் போட்ட செடி, போடாத செடி டீச்சர்." சரி, கூடவே வேறு எது மாறியது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். விசாரித்துப் பார்த்தால் உரம் போட்ட தொட்டி ஜன்னலோரம் இருந்திருக்கும், போடாத தொட்டி பீரோ பக்கத்தில். உரம் போட்ட செடிக்குத் தண்ணீரும் ஒரு கை கூடுதலாகப் போயிருக்கும், ஆசையாக வளர்த்த செடியாயிற்றே. இப்போது செடி உயர்ந்தது உரத்தாலா, வெயிலாலா, தண்ணீராலா? யாருக்கும் தெரியாது.

பாடப்புத்தகத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதனால் என்ன ஆகிறது என்று அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. மற்றதையெல்லாம் ஆடாமல் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும், அவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். மூன்றையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். "மற்ற காரணிகள் அனைத்தும் நிலையாக வைக்கப்பட்டன" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவதும் எளிது. அந்த வரியை நான் நம்புவதே இல்லை. நீங்கள் ஒன்றை மாற்றும்போது அது தனியாக மாறாது, தன்னோடு இரண்டு மூன்றை இழுத்துக்கொண்டுதான் வரும். அந்த இழுபட்டு வந்தவற்றைக் கண்டுபிடிப்பதுதான் சோதனை வடிவமைப்பில் பெரும்பகுதி வேலை.

முதலில் ஊசலில் பழகுங்கள்

நூல், கனமான ஒரு நட்டு, கைப்பேசியில் இருக்கும் நிறுத்துகடிகாரம், இவை போதும். ஒரு முறை போய்த் திரும்பும் நேரத்தை நேராக அளக்காதீர்கள், விரல் அழுத்துவதில் வரும் பிழையே பெரிதாக இருக்கும். 20 அலைவுக்கு நேரம் எடுத்து 20-ஆல் வகுங்கள். நீளம் 25 செ.மீ. என்றால் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 1 விநாடி. நீளத்தை 100 செ.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 2 விநாடி. நான்கு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம்.

அப்புறம் நிறையை மாற்றச் சொல்வேன். நிறைக்கும் அலைவு நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் சின்ன நட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய இரும்புக் குண்டைக் கட்டும் பிள்ளைக்கு நேரம் கொஞ்சம் கூடித்தான் வரும். புத்தகம் தப்பா? இல்லை. ஊசலின் நீளம் என்பது தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை. பெரிய குண்டின் மையம் கீழே இறங்கிவிட்டது. நிறையை மாற்றியபோது நீளமும் கூடவே மாறிவிட்டது. நூலைக் கொஞ்சம் சுருக்கி, மையம் வரை அதே நீளம் வரும்படி கட்டினால் வித்தியாசம் மறைந்துவிடும்.

கோணத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1 மீட்டர் ஊசலைச் சின்னக் கோணத்தில் விட்டால் 20 அலைவுக்கு 40 விநாடி ஆகும். 60 டிகிரிக்கு இழுத்து விட்டால் முதல் சில அலைவுகள் 7 சதவீதம் அளவுக்கு மெதுவாக இருக்கும், வீச்சு குறையக் குறைய அதுவும் மாறிக்கொண்டே வரும். ஆகவே நீளத்தைச் சோதிக்கும் நாளில் கோணத்தை 10 டிகிரிக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பானைக்கு வருவோம்

எங்கள் விருதுநகர் பக்கம் பங்குனி, சித்திரையில் பிள்ளைகளுக்குத் தானாகவே தோன்றும் கேள்வி, மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்பது. பெரும்பாலானோர் செய்வது இது: ஒரு மண்பானை, ஓர் எவர்சில்வர் குடம், ஒரு பிளாஸ்டிக் குடம். மூன்றிலும் தண்ணீர் ஊற்றி மத்தியானம் வெப்பநிலை பார்ப்பார்கள். பானைதான் குளிர்ச்சி. "ஆகவே மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாவதால் குளிர்கிறது" என்று முடித்துவிடுவார்கள்.

எது குளிர்ச்சி என்ற கேள்விக்கு இந்தச் சோதனை பதில் சொல்லிவிட்டது. ஏன் என்பதற்குச் சொல்லவில்லை. பானைக்கும் குடத்துக்கும் இடையே மாறியவற்றைக் கணக்கெடுங்கள்: பொருள், சுவரின் தடிமன், வாய் அகலம், நிறம், வடிவம், பிரிமணையில் இருந்ததா தரையில் இருந்ததா, அப்புறம் கடைசியாக நுண்துளை. தடிமனான சுவர் வெப்பத்தை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் இந்த மூன்று பாத்திரங்களை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

நுண்துளைதான் காரணம் என்று சந்தேகப்பட்டால் அதை மட்டும் மாற்ற வேண்டும். ஆகவே எவர்சில்வரை ஓரமாக வையுங்கள். ஒரே குயவரிடம், ஒரே சூளையில் வெந்த, ஒரே அளவான நான்கு சின்னப் பானைகளை வாங்குங்கள். 2 லிட்டர் பிடித்தால் போதும், வீட்டு எலக்ட்ரானிக் தராசில் எடை போட முடியும். பானையின் கழுத்திலிருந்து அடி வரை சாக்பீஸால் கோடு போட்டு, ஆரஞ்சுச் சுளை மாதிரி நான்கு சம பாகமாகப் பிரியுங்கள். ஒரு பானையை அப்படியே விடுங்கள். ஒன்றில் கால் பாகம், ஒன்றில் பாதி, ஒன்றில் முழுவதும் பாலிதீன் தாளால் மூடி, மேலும் கீழும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது உங்கள் சாரா மாறி, மூடப்பட்ட வெளிப்பரப்பின் அளவு: 0, 25, 50, 100 சதவீதம். உண்டு, இல்லை என்று இரண்டே நிலை வைப்பதைவிட நான்கு நிலை வைப்பது நல்லது. மூட மூடக் குளிர்ச்சி படிப்படியாகக் குறைகிறதா என்று பார்க்கலாம். படிப்படியாக வரும் மாற்றம் தற்செயலாக அமைவது கடினம்.

மூடுவதைக் கீழிருந்து மேலாகச் செய்யாமல் சுளைசுளையாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள சுவரும் கீழே உள்ள சுவரும் ஒரே அளவு ஈரமாக இருக்காது. கீழ்ப்பாதியை மட்டும் மூடினால் பரப்போடு ஈரமும் சேர்ந்து மாறிவிடும்.

பாலிதீனும் ஒன்றை இழுத்து வருகிறது

நல்ல பிள்ளை ஒன்று இங்கே கேட்கும்: "டீச்சர், பாலிதீன் சுற்றினால் ஆவியாவது மட்டுமா நிற்கிறது? வெளிச் சூடு உள்ளே வருவதும் குறையுமே?" சரியான கேள்வி. இதே சிக்கல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவருக்கும் இருந்தது. அழுகும் இறைச்சியில் புழு தானாகத் தோன்றுகிறதா, ஈ முட்டையிடுவதால் வருகிறதா என்று பார்க்க, சில ஜாடிகளைத் திறந்தும் சிலவற்றை இறுக மூடியும் வைத்தார். மூடிய ஜாடியில் புழு இல்லை. ஆனால் மூடி ஈயை மட்டுமா தடுத்தது, காற்றையும் சேர்த்தல்லவா தடுத்தது? புழு தோன்றக் காற்று வேண்டும் என்று யாராவது சொல்லலாம். அதனால் மெல்லிய வலைத்துணி கட்டிய ஜாடிகளையும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. அப்போதும் இறைச்சியில் புழு வரவில்லை. 1668-இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனையைப் பாடமாக நடத்தும்போது பலரும் மூடிய ஜாடியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த வலைத்துணி ஜாடிதான் பிடித்தது.

நம் பானைக்கு வலைத்துணி தேவையில்லை, வேறு வழி இருக்கிறது. இழுபட்டு வந்த மாறியை நீக்க முடியாவிட்டால், அது எந்தப் பக்கம் தள்ளும் என்று கேளுங்கள். பாலிதீன் வெளிச் சூட்டைத் தடுத்தால் மூடிய பானைத் தண்ணீர் கூடுதல் குளிர்ச்சியாக அல்லவா இருக்க வேண்டும்? நாம் எதிர்பார்ப்பது அதற்கு நேர் எதிர், மூடிய பானை குறைவாகக் குளிரும் என்று. அப்படியே நடந்துவிட்டால் பாலிதீனின் சூடு தடுக்கும் குணம் நம் முடிவுக்குக் காரணமாக இருக்க முடியாது. அது எதிர்ப்பக்கம் இழுத்தும் நம் விளைவு ஜெயித்திருக்கிறது. இந்த வாதத்தை அறிக்கையில் இரண்டு வரியில் எழுதினால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

எதை அளப்பது

"தண்ணீர் ஜில்லென்று இருந்தது" என்பது அளவு அல்ல. வெப்பநிலைதான் அளவு என்றாலும் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காலை 7 மணிக்கு அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். மதியம் 1 மணிக்குள் அறை சூடேறிவிடும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே முழுதும் மூடிய பானையில்கூட, துளி ஆவியாகாமலே, தண்ணீர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அறைக்கும் பானைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினால் இந்தச் சோம்பல் குளிர்ச்சியையும் ஆவியாதல் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். முழுதும் மூடிய பானை இருப்பதே இதற்காகத்தான். அதன் வெப்பநிலையிலிருந்து மற்ற பானைகள் எத்தனை டிகிரி கீழே இருக்கின்றன என்பதை உங்கள் சார்ந்த மாறியாக வையுங்கள்.

இன்னொன்றையும் அளக்கலாம்: எடை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பானையோடு நிறுத்துப் பாருங்கள். 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2.4 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 2 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குளிர்விக்க 8.4 கிலோ ஜூல் வெளியேற வேண்டும். ஆகவே டிகிரிக்குக் குறைந்தது 3.5 கிராம் நீராவது போயிருக்க வேண்டும். நிஜத்தில் இன்னும் கூடுதலாகத்தான் போகும், பானைச் சுவரும் குளிர வேண்டும், வெளியிலிருந்து சூடும் வந்துகொண்டே இருக்கும். 5 டிகிரி குறைந்தது என்று எழுதிவிட்டு எடையில் 8 கிராம்தான் இழப்பு என்றால் தராசையோ வெப்பமானியையோ சந்தேகப்படுங்கள். இப்படி ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு அளவுகள் கிடைப்பது அதிர்ஷ்டம், விட்டுவிடாதீர்கள்.

வெப்பமானியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் ஒரு மாறி. கலக்காத தண்ணீரில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலை இருக்காது. 1963-இல் தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர், சூடான ஐஸ்கிரீம் கலவை ஆறியதைவிட முந்தி உறைந்ததாகச் சொன்னார். வகுப்பில் சிரித்தார்கள். பிறகு டெனிஸ் ஆஸ்பர்ன் என்ற இயற்பியல் பேராசிரியரோடு சேர்ந்து 1969-இல் கட்டுரையாகவே வெளியிட்டார். அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. உறைந்தது என்றால் என்ன, முதல் பனித்துகளா, முழுதும் கட்டியானதா, வெப்பமானி 0 டிகிரி காட்டியதா என்று ஆளாளுக்கு வேறு வேறு சார்ந்த மாறியை அளந்ததும் ஒரு காரணம். 2016-இல் பிரிட்டனில் இதைத் திரும்பச் சோதித்த இருவர், வெப்பமானியின் உயரம் 1 செ.மீ. மாறினாலே அந்த விளைவு இருப்பதுபோல் காட்டிவிடும் என்று எழுதினார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் கரண்டியால் மெதுவாகக் கலக்கி, அதே ஆழத்தில், அதே வெப்பமானியால் பாருங்கள். இரண்டு வெப்பமானி இருந்தால் முதலில் இரண்டையும் ஒரே டம்ளரில் போட்டு ஒன்றாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பெரும்பாலும் காட்டாது.

நான்கு பானை, நான்கு நாள்

ஒரே சூளைப் பானைகள்தான், ஆனாலும் ஒன்று கொஞ்சம் அதிகம் வெந்திருக்கும், ஒன்றின் சுவர் மெலிசாக இருக்கும். திண்ணையின் ஓரத்தில் வைத்த பானைக்குக் காற்று கூடுதலாக வரும். இதையெல்லாம் சமமாக்க முடியாது. சமமாக்க முடியாததைச் சுற்றுக்கு விட வேண்டும்.

பானைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். முதல் நாள் அ மூடாதது, ஆ கால், இ பாதி, ஈ முழுது. இரண்டாம் நாள் ஒரு இடம் தள்ளுங்கள்: ஈ மூடாதது, அ கால், ஆ பாதி, இ முழுது. இப்படியே நான்கு நாள். பானைகளின் இடத்தை மாற்றாதீர்கள், பாலிதீனை மட்டும் மாற்றுங்கள். நான்கு நாள் முடிவில் ஒவ்வொரு பானையும், அதாவது ஒவ்வோர் இடமும், நான்கு விதமாகவும் மூடப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாளும் நான்கு விதமும் இருந்திருக்கும். மெலிந்த சுவர், காற்றுள்ள மூலை, வெயில் கடுமையான நாள் என எதுவும் ஒரு குறிப்பிட்ட மூடலுக்கு மட்டும் சாதகமாகப் போகாது. இது ஒன்றும் புதிதல்ல. 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், வயலில் ஒரு மூலை வளமாகவும் இன்னொரு மூலை சவராகவும் இருக்கும் தொல்லையைச் சமாளிக்க இந்த மாதிரி (நாளையும் பானையையும் கட்டம் போட்டால் நாலுக்கு நாலாக வரும்) சதுர அமைப்பைப் பயன்படுத்தினார். எந்தப் பானைக்கு அ, எதற்கு ஆ என்பதை மட்டும் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் அழகான பானை மூடாத பானையாகிவிடும்.

ஒரு முன்னேற்பாடு உண்டு. நான்கு பானையையும் தொடங்குவதற்கு முன் ஒரு முழு நாளும், பிறகு ஒவ்வோர் இரவும் தண்ணீரில் ஊற வையுங்கள். இல்லாவிட்டால் முந்தின நாள் மூடியிருந்த பானை ஈரமாகவும் மூடாதது உலர்ந்தும் தொடங்கும், நேற்றைய மூடல் இன்றைய கணக்கில் வந்துவிடும். தண்ணீரை ஒரே வாளியில் இரவே பிடித்து வைத்து, நான்கிலும் அளந்து ஊற்றுங்கள். ஒரே மாதிரித் தட்டால் வாயை மூடுங்கள். நேர் வெயில், மின்விசிறி இரண்டும் வேண்டாம்.

நாட்குறிப்பில் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். அதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது, பதிவு செய்ய முடியும். காற்று 35 டிகிரியிலும் ஈரப்பதம் 40 சதவீதத்திலும் இருந்தால் பானை எவ்வளவு வியர்த்தாலும் தண்ணீர் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போகாது. கடற்கரை ஊரில் 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் எல்லை சுமார் 28 டிகிரி. சென்னையில் இதைச் செய்யும் பிள்ளை, சாத்தூரில் செய்த பிள்ளையின் எண்ணைப் பார்த்து "என் சோதனை தோற்றுவிட்டது" என்று அழக் கூடாது. ஈரப்பத மானி இல்லையென்றால் ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறிவிட்டு அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், அந்த எல்லை நேராகவே கிடைத்துவிடும்.

எழுதாமல் விட்டது எது

பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டோம் என்று நினைக்கும்போது எனக்கு 17-ஆம் நூற்றாண்டு வேதியியல் அறிஞர் வான் ஹெல்மான்ட்டின் நினைவு வரும். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ செடியை நட்டு, ஐந்து வருடம் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டும் ஊற்றினார். தூசி விழக் கூடாதென்று தொட்டியைத் தகரத் தட்டால் மூடும் அளவுக்குக் கவனம். மரம் 169 பவுண்டு ஆனது, மண் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். மரம் தண்ணீரிலிருந்து உருவானது என்று முடிவு செய்தார், அவர் இறந்த பிறகு 1648-இல் அது அச்சானது. மண்ணை அளந்தார், தண்ணீரைக் கவனித்தார். இலையைச் சுற்றி இருந்த காற்று அவர் பட்டியலிலேயே இல்லை. அதனால் பட்டியலை எழுதியதும் வகுப்பிலேயே குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரப் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் கொடுங்கள். எந்த வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

முடிவை எழுதும்போது அவசரம் வேண்டாம். ஒரே விதமாக மூடிய நாட்களிலேயே பானைக்குப் பானை 1 டிகிரி வித்தியாசம் வருகிறது, மூடாததற்கும் கால் மூடியதற்கும் இடையே 0.5 டிகிரிதான் வித்தியாசம் என்றால், அந்த இரண்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மூடாததும் முழுதும் மூடியதும் 4 டிகிரி விலகி இருந்தால் அதைத் தைரியமாகச் சொல்லலாம். இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

பானைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றிப் புழங்கினால் சில மாதத்தில் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கும், பானை முன்போல் குளிரவில்லை என்று வீட்டில் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்போது ஒரு பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, முன்னும் பின்னும் அளந்து பார்க்கத் தோன்றும். அளக்கலாம், ஆனால் தேய்த்த நாளும் தேய்க்காத நாளும் ஒன்றல்ல, வெயிலும் ஈரப்பதமும் கூடவே மாறியிருக்கும். தேய்க்காத பானை ஒன்றையும் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் இரண்டு நாளும் அளந்துகொள்ளுங்கள்.